உட்கார இடம் கேட்டவர்கள்

கண்ணா,

நீ உள்ளறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். அப்பா மீன் வாங்கப் போயிருக்கிறார். அவர் திரும்பி வந்து நான் அடுப்படிக்குப் போவதற்குள் இதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன், ஆனால் தொடங்கும்போதே தெரிகிறது, இது சீக்கிரம் முடியாது. நாளைக் காலை ரயிலில் கோயம்புத்தூர் போகிறாய். பெரிய ஜவுளிக்கடையில் ஒரு மாடி முழுவதும் உன் பொறுப்பு. வரிசையாக நிற்கும் அத்தனை பெண்களும் உனக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள். மட்டாஞ்சேரியில் நம் சந்திலிருந்து இப்படி ஒரு வேலைக்கு யாரும் போனதில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. இதை வேண்டுமென்றே தமிழில் எழுதுகிறேன். நீ மலையாளத்தில் படித்தவன். தமிழை எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் வாசிப்பாய். எனக்கு அதுதான் வேண்டும். மலையாளத்தில் எழுதினால் ரயில் ஆலுவா தாண்டுவதற்குள் வாசித்து மடித்து வைத்துவிடுவாய்.

போன வாரம் இன்டர்வியூ முடிந்து வந்த அன்று, சாப்பிடும்போது, அங்கே பெரிய மேனேஜர் சொன்னதை எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னாய். ஸ்டூல் போடச் சொல்லிச் சட்டம் இருக்கிறது, அதனால் போட்டிருக்கிறோம், அதில் பெண்பிள்ளைகள் உட்காராமல் பார்த்துக்கொள்வதுதான் உன் சாமர்த்தியம் என்றாராம். நீ அதை ஒரு வேடிக்கைபோலத்தான் சொன்னாய். புது வேலை கிடைத்த சந்தோஷத்தில் அந்த மனிதர் சொன்ன எல்லாமே உனக்கு நன்றாக இருந்தது, அதில் தப்பில்லை. ஆனால் அப்பா பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் என்னைப் பார்த்தார், நீ கவனித்திருக்க மாட்டாய். நான் குழம்பை எடுத்துவரும் சாக்கில் எழுந்துவிட்டேன். சாப்பாட்டுக்கு நடுவே பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது. நீ பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் நடந்தது. அப்போது நீ என் வயிற்றில் இருந்தாய்.

முதலில் உன் பெரியம்மாவிலிருந்து தொடங்க வேண்டும். தென்காசிப் பக்கத்திலிருந்து எங்கள் குடும்பத்தில் முதலில் கொச்சிக்கு வந்தவள் என் அக்கா. கல்யாணம் ஆன கையோடு இங்கே வந்தவள், யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனுக்குப் பக்கத்தில் ஒரு சுக்குக் குடோனில் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது வெளிநாட்டுக்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு நடக்கிற அந்தத் தெருவில், பழைய சாமான் கடைகளாக மாறிவிட்ட கட்டடங்களுக்குள், அப்போது பெண்கள் வரிசையாகச் சாக்கை விரித்துத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். சுக்கின் தோலைச் சுரண்டி, தூசி தட்டி, நல்லது கெட்டது பிரித்துக் கூடையில் போட வேண்டும். காலையில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். எழுந்து இடுப்பை நிமிர்த்தினால் மேஸ்திரி பெயர் சொல்லிக் கூப்பிடுவான். கூடை நிறைந்தால் அதை எடுத்துப்போக ஆள் வரும், அவள் எழுந்துபோய்க் கொட்டக்கூடாது, நேரம் வீணாகும். என் பத்தாம் வகுப்பு முடிந்ததும் அக்கா என்னையும் இங்கே கூட்டிவந்தாள், அவள் பக்கத்தில் நானும் ஒரு பருவம் உட்கார்ந்தேன். சுக்குத் தூசி கண்ணிலும் மூக்கிலும் எரியும். அதைவிட முதுகு எரியும். எனக்கு அதற்குள் உன் அப்பாவோடு கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அப்பா அதே தெருவில் மூட்டை இறக்குபவர், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். எனக்குத் தமிழும் கணக்கும் நன்றாக வரும், மலையாளமும் பேசப் பழகிவிட்டேன். இது தெரிந்து, ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அப்பாதான் வந்து சொன்னார்.

அந்தக் கடையின் பெயர் வேண்டாம். நீ அந்த வழியாக எத்தனையோ முறை நடந்திருக்கிறாய். எனக்கு வேலை கிடைத்த அன்று அக்கா அழுதாள். யூனிபார்ம் சேலை, நெஞ்சில் பெயர் எழுதிய பேட்ஜ், தலைக்கு மேலே மின்விசிறி. இனி நீ தரையில் உட்கார வேண்டாம் என்று சொல்லித்தான் அழுதாள். அவள் சொன்னது அப்படியே பலித்தது. எனக்குத் தரையில் மட்டுமில்லை, எங்கேயுமே உட்கார வேண்டியிருக்கவில்லை.

கடை திறப்பதற்கு முன்னால் வந்து தூசி தட்டுவோம், அப்போதிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை நிற்க வேண்டும். ஆள் வந்தாலும் நிற்க வேண்டும், யாருமே வராத மத்தியானத்திலும் நிற்க வேண்டும். அலமாரியில் சாயக்கூடாது. மாடிப்படி ஏறியதும் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை இருந்தது, மேனேஜர் அதற்குள் உட்கார்ந்து எங்கள் எல்லாரையும் பார்ப்பார். கல்யாணச் சேலைப் பிரிவில் மெத்தை வைத்த நாற்காலிகள் போட்டிருந்தார்கள், மனைவியோடு வந்து காத்திருக்கும் ஆண்களுக்காக. சுற்றிலும் நாங்கள் நிற்போம், நடுவில் அந்த நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். கடையில் வேலை பார்த்த ஆண்கள் நடுவில் சாயா குடிக்க வெளியே போவார்கள், சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைப் புரட்டிவிட்டு வருவார்கள். நாங்கள் அப்படிப் போனால் கடையின் பெயர் கெடும் என்றார்கள். கழிப்பறை கட்டடத்துக்குப் பின்னால், பக்கத்து லாட்ஜோடு சேர்த்து ஒன்றே ஒன்று. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் போகலாம். அதனால் நாங்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டோம். புதிதாகச் சேர்கிற பெண்ணுக்கு மற்றவர்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது சேலை மடிப்பது எப்படி என்று இல்லை, காலையில் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதுதான். மூத்திரக் கடுப்பு இல்லாத ஒரு பெண்கூட எங்களில் கிடையாது. ஆனாலும் அந்த வேலையை யாரும் விடவில்லை. வீட்டு வேலைக்கும் குடோனுக்கும் போன பெண்களின் மகள்களும் தங்கைகளும் நாங்கள். கொஞ்சம் உயர்ந்த இடத்துக்கு வந்துவிட்டோம் என்ற எண்ணம் எங்களை நிற்க வைத்தது.

எங்களில் மூத்தவள் லைலாத்தா. புருஷனை இழந்தவள், பள்ளியில் படிக்கும் ஒரு மகள் இருந்தாள். அவள் ஒருத்திதான் மேனேஜரிடம் போய் ஸ்டூல் கேட்டவள். உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்று அவர் சொன்னாராம். நீங்கள் தூங்குகிற மாதிரி தெரியவில்லையே என்று லைலாத்தா அவர் நாற்காலியைப் பார்த்துச் சொன்னாளாம். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு மாதம் கடைக் குடோனில் பண்டல் பிரிக்கும் வேலை. அவள் வாயை அடக்கிக்கொண்டு அதையும் செய்தாள்.

நீ எனக்கு ஏழாம் மாதம். ஓணத்துக்கு முந்தைய நாட்கள், கடையில் கூட்டம் அலைமோதியது. கால் இரண்டும் வீங்கி, செருப்பு போட முடியாமல் அப்பாவின் பழைய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு போவேன், கடைக்குள் வெறுங்கால். அன்று ஒரு குடும்பம் கல்யாணச் சேலை எடுக்க வந்தது. அம்மா, கல்யாணப் பெண், அவளுடைய அப்பா. அந்த அம்மாவுக்கு எதுவும் பிடிக்கவில்லை. நான் எடுத்து எடுத்துப் போட்டேன், சேலைகள் என் இடுப்பளவு குவிந்தன. அந்தப் பெரியவர் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து சேலைகளைப் பார்க்காமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

“மோளே, இவிடெ இரிக்கு” என்றார்.

மலையாளத்தில் இரிக்கு என்றால் உட்கார் என்று அர்த்தம், உனக்குத் தெரியும். எனக்கு அந்த நேரத்தில் தமிழ்க் காதில்தான் விழுந்தது. இங்கே இரு, எங்கேயும் போகாதே என்று யாரோ சொல்வதுபோல. வேண்டாம் என்றேன். அவர் ஜன்னல் ஓரம் போய் நின்றுகொண்டார். நான் உட்கார்ந்தேன். மடியில் ஒரு சேலையை வைத்து மடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். அந்தச் சேலையை மடித்து முடித்ததும் எழுந்துவிட்டேன், அவ்வளவுதான். நீ உள்ளே ஒருமுறை புரண்டது நினைவிருக்கிறது.

மேனேஜர் அந்தக் குடும்பம் இருக்கும்வரை சிரித்த முகமாகவே இருந்தார். அவர்களைப் படிவரை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. இந்த உடம்போடு எதற்குக் கஷ்டம், நாளையிலிருந்து வர வேண்டாம், பிரசவம் எல்லாம் கழியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். இவ்வளவு இனிமையாகச் சொன்னதால் அது வேலை போன செய்தி என்று எனக்குப் படி இறங்கும்போதுதான் உறைத்தது. சோற்றுப் பாத்திரத்தைக்கூட எடுக்காமல் வந்துவிட்டேன்.

அக்கா வீட்டுக்குத்தான் போனேன். அவள் முதலில் கோபப்பட்டாள். கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கக்கூடாதா, எத்தனை பேர் அந்த வேலைக்குக் காத்திருக்கிறார்கள் என்றாள். அடுப்பிலிருந்து சாயாவை இறக்கிக் கொண்டுவந்து தந்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குடோனிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு அப்போதே முதுகு வளைந்துவிட்டிருந்தது, நேராக நிற்கமாட்டாள். என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து விரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்திய இடம் குழிவிழுந்து அப்படியே நின்றது.

“எந்திரிக்க விடல என்னைய. உக்கார விடல ஒன்னைய. நாம எப்படி இருந்தாத்தான்ட்டி இவங்களுக்குச் சரியா வரும்?” என்றாள்.

அதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சிரித்து முடிக்கும்போது இரண்டு பேருக்கும் கண் நிறைந்திருந்தது. பெண்கள் வேலைக்குப் போவதைப் பற்றி எவ்வளவோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன், மேடையிலும் டிவியிலும். அக்கா அன்று கேட்ட கேள்வியைவிடப் பெரிதாக யாரும் கேட்டதில்லை.

சாயங்காலம் லைலாத்தா என் சோற்றுப் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நடந்ததை என் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, நாளைக்கு மழை வருமா என்று அப்பாவிடம் கேட்டாள். எதற்குக் கேட்கிறாள் என்று எங்களுக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை அப்பா மூட்டை வண்டியைப் பாதி வழியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். கடைப் பெண்கள் எல்லாரும் யூனிபார்ம் சேலையோடு வெளிப்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள், உள்ளே போகவில்லை, மேனேஜர் வாசலில் தனியாக நிற்கிறார் என்றார். நான் எழுந்து சேலையைச் சரிசெய்தேன். இந்த நிலைமையில் போகாதே என்று சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவருக்கு அந்தத் தெருவில்தான் பிழைப்பு, கடை முதலாளியின் சரக்கும் அவர்தான் இறக்கவேண்டும்.

“போறதுன்னா குடை எடுத்துக்கோ” என்றார்.

உன் அப்பாவைப் பற்றி நீ என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாயோ எனக்குத் தெரியாது. அதிகம் பேசாத மனிதர், பேப்பர் படிக்கிறவர், கப்பைக் கிழங்கும் மீனும் நன்றாகச் சமைக்கிறவர். எனக்கு அவரைப் பற்றி யோசித்தால் அந்தக் குடைதான் முதலில் ஞாபகம் வரும்.

அந்தப் படியில் நானும் போய் உட்கார்ந்தேன். லைலாத்தா நகர்ந்து இடம் விட்டாள். எங்களிடம் கொடி இல்லை, கோஷம் இல்லை, எழுதிப் பிடிக்க அட்டைகூட இல்லை. உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான். மழை வந்தபோது குடையை விரித்தோம், விட்டபோது மடக்கினோம். தெருவில் போனவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ஒருவர் சைக்கிளை நிறுத்தி, வெறுமனே உட்காருவதற்கும் போராட்டமா என்று கேட்டார்.

“வெறுதே அல்ல சேட்டா. பணி எடுக்கும்போ இரிக்கான்” என்றாள் லைலாத்தா.

வேலை செய்யும்போது உட்கார என்று அவள் சொன்னதைக் கேட்டு அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். ஆனால் மத்தியானம் திரும்பி வந்து கொஞ்சம் பழம் வாங்கி வைத்துவிட்டுப் போனார். அப்பாவின் கூட்டாளிகள் முதலில் அவரைக் கிண்டல் செய்தார்கள், உன் பொண்டாட்டி உட்கார்ந்ததால் ஊரே நிற்கிறது என்றார்கள். அப்பா அவர்களிடம் ஒன்றுதான் கேட்டாராம். மூட்டையை இறக்கிவிட்டு நாம் எல்லாரும் சாயாக்கடை பெஞ்சில்தானே உட்காருகிறோம், யாரிடமாவது கேட்டுவிட்டா உட்காருகிறோம் என்று. அதற்குப் பிறகு அவர்களே ஒரு தார்ப்பாய் கொண்டுவந்து எங்கள் தலைக்கு மேலே கட்டினார்கள்.

பயம் இல்லாமல் இருந்தோம் என்று நினைக்காதே. இரண்டாம் நாள் எங்களில் சிலர் வரவில்லை. ஒருத்தியின் மாமனார் வந்து அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். மேனேஜர் புது ஆட்களை எடுக்கப்போவதாகச் சொல்லி அனுப்பினார். ஓணத்துக்குக் குழந்தைகளுக்குத் துணி எடுக்கவேண்டிய நேரத்தில் நாங்கள் துணிக்கடைப் படியில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு இடுப்பில் வலி வந்து வந்து போனது. உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்று ஒவ்வொரு வலிக்கும் நினைத்தேன். அக்கா குடோனுக்கு ஒருநாள் போகாமல் வந்து என் பின்னால் உட்கார்ந்து, தன் முழங்காலில் என் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தக் கல்யாணப் பெண் வந்தாள். மீதிச் சேலைகள் எடுக்கவும் பிளவுஸ் துணி பார்க்கவும் அம்மாவோடு வந்தவள், என்னை அடையாளம் கண்டுகொண்டு நின்றுவிட்டாள். என்ன நடந்தது என்று கேட்டாள். நான் சொல்லத் தயங்கினேன். அவளுடைய அப்பா செய்த நல்ல காரியத்தால் வந்த வினை என்று எப்படிச் சொல்வது. லைலாத்தா சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. மேனேஜர் ஓடிவந்து உள்ளே கூப்பிட்டார். இந்தச் சேச்சிமார் உள்ளே வந்து எடுத்துக் காட்டினால் வாங்குகிறேன், இல்லையென்றால் எர்ணாகுளத்துக்குப் போய்க்கொள்கிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை, விலை விசாரிக்கிற குரலில்தான் சொன்னாள். அவளுக்குப் பின்னால் படியேற வந்த இன்னொரு குடும்பமும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றது, பிறகு அப்படியே திரும்பிப் போனது.

அன்று சாயங்காலம் முதலாளியே வந்தார். வயதானவர், வெள்ளை வேட்டி. காரிலிருந்து இறங்கி எங்களைப் பார்த்துக்கொண்டே படிக்குக் கீழே நின்றார். மேலே ஏற வேண்டுமென்றால் எங்களுக்கு நடுவில்தான் கால் வைக்க வேண்டும். அவர் ஏறவில்லை. எத்தனை ஸ்டூல் வேண்டும் என்று கேட்டார்.

“ஸ்டூள் மாத்ரம் போரா. கக்கூஸும் வேணும்” என்றாள் லைலாத்தா.

ஸ்டூல் மட்டும் போதாது என்று அவள் சொன்னதும் யாரோ ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு எங்கள் எல்லாருக்கும். அந்த முதலாளிக்கும் உதடு நெளிந்தது. ஓணம் முடிந்ததும் மாடியிலேயே பெண்களுக்குக் கழிப்பறை கட்டித் தருவதாகச் சொன்னார். ஸ்டூல் மறுநாளே வந்தது. மரத்தாலான சின்ன ஸ்டூல்கள், கவுண்டருக்குப் பின்னால், வெளியே தெரியாதபடி. கழிப்பறையும் வந்தது, கொஞ்சம் தாமதமாக.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். லைலாத்தாவை மட்டும் திரும்ப எடுக்கவில்லை. அவளுக்காக மறுபடி படியில் உட்கார நாங்கள் தயாராகத்தான் இருந்தோம், அவள்தான் விடவில்லை. கிடைத்ததைக் கையை விட்டுவிடாதீர்கள் என்றாள். தன் வீட்டு முன்னறையில் ஒரு தையல் மெஷின் போட்டாள். அந்தக் கல்யாணப் பெண்ணின் பிளவுஸ்தான் அவள் தைத்த முதல் துணி. பிறகு இன்னும் மெஷின்கள், இன்னும் பெண்கள். இப்போது அவளுடைய மகள் அதைப் பெரிதாக நடத்துகிறாள், அதே கடையே தன் தையல் வேலை முழுவதையும் அவர்களுக்குத்தான் அனுப்புகிறது. நீ சின்ன வயதில் யூனிபார்ம் தைக்கப் போய் மிட்டாய் வாங்கித் தின்ற வீடு அதுதான்.

நீ ஓணம் கழிந்து பிறந்தாய். அக்கா உன்னைப் பார்த்துக்கொண்டாள், குடோனில் சுத்தம் செய்ய இயந்திரம் வந்துவிட்டதால் அவள் வேலை அதற்குள் போய்விட்டிருந்தது. நான் கடைக்குத் திரும்பினேன். அப்பா மத்தியானம் வந்து சோறு வடித்தார். ஆண்பிள்ளை சோறு வடிப்பதைப் பார்க்க அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்த்தவர்கள் இருந்தார்கள், பிறகு அவர்களுக்கும் பழகிவிட்டது. நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது, கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று கேரளத்தில் சட்டமே வந்தது. எங்களை அறியாத, நாங்களும் அறியாத பெண்கள், வேறு ஊர்களில், கால் வீங்கித் தெருவில் இறங்கி வாங்கிய சட்டம். பிறகு தமிழ்நாட்டிலும் வந்தது. கேரளச் சட்டத்தின் செய்தி டிவியில் ஓடியபோது நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், நீ சேனலை மாற்றச் சொல்லிக் கத்தினாய், கிரிக்கெட் இருந்தது. நான் மாற்றிக் கொடுத்தேன்.

இனி நான் சொல்லவேண்டியது. முதலாளியின் மகன் கடையை எடுத்து நடத்த ஆரம்பித்ததும் என்னை மாடிக்குச் சூப்பர்வைசர் ஆக்கினார். அங்கே அந்த வேலைக்கு வந்த முதல் பெண் நான்தான். முதல் நாள் வரிசைகளுக்கு நடுவில் நடந்துபோனேன். என்னைக் கண்டதும் ஸ்டூலில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். யாரும் எழச் சொல்லவில்லை. சட்டம் இருக்கிறது, ஸ்டூல் இருக்கிறது, ஆனால் மேலே இருக்கிற ஒருவர் நடந்து வந்தால் முழங்கால் தானாக எழுந்துவிடுகிறது. அன்று எனக்கு வந்த வருத்தம் வேலை போன அன்றுகூட வரவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா, ஒரு ஸ்டூலை இழுத்து அவர்களுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்து, கணக்கை அங்கேயே பார்த்தேன். அடுத்த நாளும் அப்படியே. அவர்கள் எழாமல் இருக்கப் பல வாரங்கள் ஆயின. கண்ணா, உன் மாடியில் ஸ்டூல் இருக்கிறதா என்று பார்க்காதே, அது இருக்கும். நீ வரும்போது அவர்கள் எழுந்துவிடுகிறார்களா என்று பார். எழுந்தால், உனக்கு வேலை பாக்கி இருக்கிறது என்று புரிந்துகொள்.

பெரிய மேனேஜர் சொன்னதை முதல் நாளே எதிர்க்கச் சொல்லவில்லை. நீயும் பிழைக்கப் போகிறவன்தான், உனக்கு மேலேயும் ஆள் இருக்கிறது. ஆனால் உட்கார்ந்து எழுகிறவள் நின்று நின்று மரத்துப்போனவளைவிட நல்ல முகத்தோடு சேலை காட்டுவாள் என்பதை நான் என் மாடியில் கண்ணால் பார்த்திருக்கிறேன். விற்பனையை நீ காட்டு, அவர் வாயை அதுவே அடைக்கும். தண்ணீர் குடிக்காத பெண் யாராவது இருந்தால் கவனி. ஏன் குடிக்கவில்லை என்று அவளிடம் கேட்காதே, சொல்ல வெட்கப்படுவாள். கழிப்பறை எங்கே இருக்கிறது, எத்தனை படி இறங்க வேண்டும் என்று நீயே நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வா.

போன மாதம் எங்கள் கடையில் ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். உன்னைவிடச் சின்னவள், சாயங்காலக் கல்லூரியில் படிக்கிறாள், ஸ்கூட்டரில் வருகிறாள். ஒருநாள் மத்தியானம் ஸ்டூலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய கதையை யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கூப்பிட்டு, அப்போதெல்லாம் உட்காரவே விடமாட்டார்களாமே, நிஜமா சேச்சி என்று கேட்டாள். நிஜம்தான் என்றேன். அவளுக்கு நம்ப முடியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, நீங்கள் எல்லாரும் சும்மா உட்கார்ந்துவிட வேண்டியதுதானே என்றாள். வீட்டுக்கு வருகிற வழி முழுக்க அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். அவளுக்கு அது புரியவே இல்லை, கண்ணா. புரியாமல் போகும் அளவுக்கு அது பழைய கதையாகிவிட்டது. எனக்கு அதைவிடச் சந்தோஷமான செய்தி இல்லை. அந்தப் பெண்ணைப்போல் யோசிக்கிறவர்கள்தான் உன் கடைக்கும் வேலைக்கு வருவார்கள். அவர்களைக் கண்டு பயப்படாதே, அடக்கியாள வேண்டும் என்றும் நினைக்காதே. அவர்களிடம் உனக்குக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.

அப்பா வந்துவிட்டார், அடுப்படியில் சத்தம் கேட்கிறது. மீனை அவரே கழுவிக்கொண்டிருக்கிறார் போல. இந்தக் கடிதத்தை உன் சட்டைகளுக்கு மேலே வைக்கிறேன். உன்னோடு வேலை பார்க்கிற யாரும் வாசிக்க ஆசைப்பட்டால் கொடு, மறைக்க இதில் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் நான் கோயம்புத்தூருக்கு வருவேன், எந்த நாள் என்று சொல்லமாட்டேன். உன்னைப் பார்க்கிறது பிறகு. முதலில் உன் மாடிக்கு வந்து எனக்கு ஒரு சேலை எடுப்பேன். இத்தனை வருஷமாக நான் எடுத்ததெல்லாம் எங்கள் கடையில் மடிப்புக் கலைந்து ஒதுக்கி வைத்த சேலைகள்தான், கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று ஒருமுறைகூட வாங்கியதில்லை. எந்தப் பெண் என்னிடம் வருகிறாளோ அவளிடம் எடுத்துக் காட்டச் சொல்வேன். உன்னைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன், அவள் முகத்திலேயே எல்லாம் இருக்கும். எனக்குப் பிடித்த நிறம் எது என்று உனக்குத் தெரியாது, உன் அப்பாவுக்கும் தெரியாது. உங்கள் மேல் குறை சொல்லவில்லை, யாரும் கேட்டதில்லை, அதனால் நானும் சொன்னதில்லை. அவள் கேட்பாள். அவளிடம் சொல்வேன்.

அம்மா